வீட்டு மீன்குளத்துக்குத் தண்ணீர் மாற்றம்: எதற்கு, எவ்வளவு, எப்படி

குளத்துத் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது, மீன்களும் நன்றாக ஓடுகின்றன. அப்படியிருக்க, இருக்கிற தண்ணீரை இறைத்துவிட்டு வேறு தண்ணீர் ஊற்றுவது எதற்கு? பெங்களூரில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். 2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாடு முற்றியபோது, தோட்டத்துக்கும் வண்டி கழுவவும் குடிநீரைச் செலவழிக்கக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று நகரக் குடிநீர் வாரியம் அறிவித்தது. அந்த ஊரில் வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றச் சொல்வதென்றால் காரணம் வலுவாக இருக்க வேண்டும்.

மீன் அதிகம், தீனி அதிகம் என்றால் தண்ணீர் மாற்றியே ஆக வேண்டும். செடி நிறைந்து, மீன் நாலைந்து மட்டும் இருந்தால் மிகக் கொஞ்சம் போதும். நம் குளம் இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்பதைத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. போடுகிற தீனியை எடை போட்டால் சொல்லிவிடலாம்.

ஓர் உதாரணக் குளத்தை எடுத்துக்கொள்வோம். 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழம். கொள்ளளவு 1,800 லிட்டர். 30க்கு 40 சைட்டில் வீட்டுக்குப் பின்னால் மிஞ்சும் இடத்தில் கட்டக்கூடிய அளவுதான். அதில் கால் கிலோ எடையுள்ள ஆறு கோய் மீன்கள் (வண்ண அலங்காரக் கெண்டை). மொத்தம் ஒன்றரைக் கிலோ மீன். உடல் எடையில் நூற்றில் ஒரு பங்கு என்று வைத்தால் ஒரு நாளைக்கு 15 கிராம் தீனி, வாரத்துக்குச் சுமார் 100 கிராம்.

அந்த 100 கிராம் தீனி எங்கே போகிறது? கடையில் விற்கும் கோய் தீனியில் புரதம் 32 சதவீதம் அளவுக்கு இருக்கும். புரதத்தில் ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன். ஆக 100 கிராம் தீனியோடு 5 கிராம் நைட்ரஜன் குளத்துக்குள் போகிறது. மீன் அதில் கொஞ்சத்தைத்தான் உடம்பில் சேர்க்கும். மூன்று கிராம் அளவுக்கு அம்மோனியாவாகப் பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளியே வரும். வடிகட்டியிலும் சுவரிலும் கல்லிலும் படிந்திருக்கும் பாக்டீரியாக்கள் அந்த அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் அந்த அளவுக்கு இல்லை. வடிகட்டியின் வேலை இங்கே முடிந்துவிடுகிறது. நைட்ரேட்டைச் சாதாரண வடிகட்டி எடுக்காது. அது காற்றிலும் போகாது. செடி உறிஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரோடு சேர்த்து நாம் வெளியே எடுக்க வேண்டும்.

மூன்று கிராம் நைட்ரஜன் சுமார் 13 கிராம் நைட்ரேட் ஆகும். அதை 1,800 லிட்டரில் பரப்பினால் வாரத்துக்கு லிட்டருக்கு 7 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கூடுகிறது. மாற்றும் தண்ணீரின் அளவு இங்கேதான் பேசுகிறது. வாரம் 10 சதவீதம் மாற்றினால், செடியே இல்லாத குளத்தில் நைட்ரேட் ஏறி ஏறிக் கடைசியில் 75 மி.கி. அளவில் நின்றுவிடும். வாரம் 20 சதவீதம் மாற்றினால் 37 அளவில் நிற்கும். வாரச் சேர்க்கையை மாற்றும் பங்கால் வகுத்தால் வருவதே அது நிற்கும் உயரம். ஊற்றும் தண்ணீரிலேயே நைட்ரேட் இருந்தால் அதையும் இதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். கோய்க்கும் கோல்டு ஃபிஷ்ஷுக்கும் 40, 50-க்குள் வைத்திருப்பது நல்லது. ஆகவே இந்தக் குளத்துக்கு வாரம் 15 முதல் 20 சதவீதம் நியாயமான அளவு. செடிகள் நன்றாக வளர்ந்தால் இதைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கலாம்.

இதே குளத்தில் கோய்க்குப் பதில் ஒரு கூட்டம் கப்பியும் இரண்டு சின்னக் கோல்டு ஃபிஷ்ஷும் மட்டும் இருந்தால் தீனி நாளைக்கு 2 கிராமுக்கு மேல் போகாது. வாரத்துக்கு லிட்டருக்கு 1 மி.கி. நைட்ரேட் சேரும். ஓரத்தில் இரண்டு தொட்டிக் கல்வாழையும், நடுவில் ஓர் அல்லியும் இருந்தால் அவையே அதைத் தின்று தீர்த்துவிடும். இந்தக் குளத்துக்கு நைட்ரேட்டுக்காகத் தண்ணீர் மாற்றத் தேவையில்லை. மாதம் ஒருமுறை 10 சதவீதம் போதும். அதுவும் வேறு இரண்டு காரணங்களுக்காக.

முதல் காரணம் உப்பு. வெயிலில் ஆவியாகிக் குறைந்த தண்ணீரை ஈடுகட்ட ஊற்றுவதையே பலர் தண்ணீர் மாற்றம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது மாற்றமே இல்லை. ஆவியாவது வெறும் நீர். உப்புகள் குளத்திலேயே தங்கிவிடும், அடுப்பில் ரசம் சுண்டச் சுண்ட உப்புக் கூடுவதுபோல. பெங்களூரில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் திறந்த நீர்ப்பரப்பு நாளைக்கு 6 மில்லிமீட்டர் அளவுக்கு வற்றும். நம் உதாரணக் குளத்தின் பரப்பு 3 சதுர மீட்டர். அதாவது நாளைக்கு 18 லிட்டர், மாதத்துக்கு 540 லிட்டர். குளத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! அந்த 540 லிட்டரையும் டிடிஎஸ் (லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகள், மி.கி. கணக்கில்) 700 உள்ள போர் தண்ணீரால், அதாவது ஆழ்துளைக் கிணற்று நீரால், நிரப்பினால், குளத்தின் டிடிஎஸ் மாதம் 210 ஏறும். பிப்ரவரி கடைசியில் 700-ல் தொடங்கிய குளம் மே மாதம் 1,300-ஐத் தாண்டிவிடும். எதையும் எடுக்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் இப்படித்தான். கையடக்க டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி வைத்தால் இதை மாதம் ஒருமுறை பார்க்கலாம். குளத்தின் டிடிஎஸ், ஊற்றும் தண்ணீரின் டிடிஎஸ்ஸைப்போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால் கொஞ்சம் எடுத்துவிட்டு ஊற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இரண்டாவது காரணம் காரத்தன்மை, கடைக்காரர்கள் கேஎச் என்று சொல்வது. தண்ணீர் அமிலமாகாமல் தாங்கிப் பிடிக்கும் கையிருப்பு அது. பாக்டீரியாக்கள் ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்கும்போது சுமார் 7 கிராம் காரத்தன்மையைச் செலவழிக்கின்றன. நம் கோய் குளத்தில் வாரத்துக்கு மூன்று கிராம் நைட்ரஜன் என்றால் 21 கிராம் காரத்தன்மை காலி. 1,800 லிட்டரில் அது லிட்டருக்கு 12 மி.கி. அளவு. தொடக்கத்தில் 120 இருந்தால், புதுத் தண்ணீர் வராத குளம் பத்து வாரத்தில் கையிருப்பை முடித்துவிடும். அதன் பிறகு பிஎச் (அமில, கார அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) ஒரே இரவில் சரியலாம். சரிந்ததும் பாக்டீரியாக்களும் வேலையை நிறுத்திவிடும்.

புதியவர்கள் மீனை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பல மாதம் தண்ணீர் மாற்றாத குளத்தில் பிஎச் 6.3 என்று இறங்கியிருக்கும், அம்மோனியா சேர்ந்திருக்கும். ஆனால் மீன்கள் நன்றாகவே இருக்கும். ஏனென்றால் அமிலத்தன்மையுள்ள நீரில் அம்மோனியா கிட்டத்தட்ட முழுவதும் அம்மோனியம் என்ற சாதுவான வடிவில் இருக்கும். 25 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7-ல் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் நூற்றில் ஒன்றுகூட இல்லை. பிஎச் 8-ல் அது 5 சதவீதம். 9-ல் 36 சதவீதம். இப்போது வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதிக் குளத்தை இறைத்துவிட்டு, பிஎச் 8 உள்ள போர் தண்ணீரைத் திறந்துவிடுகிறார். சாதுவாகக் கிடந்த அம்மோனியா சில நிமிடங்களில் விஷமாகிறது. மாலைக்குள் மீன்கள் மிதக்கின்றன. ‘நல்ல தண்ணீர் விட்டதும் செத்துப்போச்சு, மாத்தாமலே இருந்திருக்கலாம்’ என்று முடிவுக்கு வருகிறார்கள். மாற்றாமல் விட்ட மாதங்கள்தான் அந்த மீன்களைக் கொன்றன.

அப்படிப்பட்ட குளம் கைக்கு வந்தால் முதல் வேலை சோதனை. அம்மோனியா, பிஎச், கேஎச் மூன்றையும் சொட்டு மருந்துக் கிட்டில் பாருங்கள். அம்மோனியா இருந்து பிஎச் 7-க்குக் கீழே இருந்தால் தீனியை நிறுத்திவிட்டு, நாளைக்கு 5 சதவீதம் மட்டும் மாற்றி, அம்மோனியா சுழியத்துக்கு வரும்வரை மெதுவாகப் போக வேண்டும். பிஎச் ஒரு நாளில் 0.3-க்கு மேல் ஏறவிடக் கூடாது. கேஎச் மட்டும் குறைந்து அம்மோனியா இல்லாவிட்டால் சமையல் சோடா போதும். 1,000 லிட்டருக்கு 30 கிராம் போட்டால் லிட்டருக்கு 18 மி.கி. அளவு உயரும். ஒரு நாளைக்கு இதற்கு மேல் வேண்டாம். நிரந்தர ஏற்பாடாக வடிகட்டிக்குள் ஒரு வலைப்பையில் இரண்டு கிலோ கிளிஞ்சல் போட்டு வைக்கலாம். தண்ணீர் அமிலமாகத் தொடங்கும்போது அது தானாகக் கரையும்.

எந்தத் தண்ணீர்?

பெங்களூர் வீடுகளில் தண்ணீர் ஒரே வழியில் வருவதில்லை. காவிரி ஒன்றுவிட்ட ஒரு நாள் வரும், போர் இருக்கும், போதாதபோது டேங்கர் வரும். மூன்றும் குளத்துக்கு மூன்று விதம்.

சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஏற்றிக் கொண்டுவரப்படும் காவிரித் தண்ணீரில் உப்புக் குறைவு. குளத்துக்கு அருமையானது. குளோரின் மட்டும்தான் தொந்தரவு. குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்குக் குறைந்தது 0.2 மி.கி. குளோரின் மிச்சமிருக்க வேண்டும் என்கிறது. நம் வயிற்றுக்கு அது பாதுகாப்பு, மீனின் செவுளுக்குக் காயம். சம்ப்பில் ஒரு நாள் கிடந்ததால் குளோரின் போயிருக்கும் என்று நம்ப வேண்டாம். சம்ப் மூடியிருக்கிறது, வெளிச்சமும் காற்றும் இல்லை. வாய் அகன்ற டிரம்மில் பிடித்து, ஏர் பம்ப் போட்டு, 24 மணி நேரம் திறந்து வைத்தால் போகும். அவசரமென்றால் சோடியம் தயோசல்பேட். மீன் கடையில் ‘ஆன்டி குளோரின்’ என்று கிடைப்பது பெரும்பாலும் இதன் கரைசல்தான். 1,000 லிட்டரில் 1 மி.கி. அளவு குளோரின் இருந்தால் 10 கிராம் படிகம் தாராளமாகப் போதும். ஹோஸ் பைப்பை நேராகக் குளத்தில் விடுவதாக இருந்தால் மருந்தை முன்னதாகவே போட்டுவிட வேண்டும். புதிதாக வரும் தண்ணீருக்கு மட்டும் கணக்கிடாமல், முழுக் குளத்துக்கும் கணக்கிட்டுப் போட வேண்டும். குளோரின் இருக்கிறதா என்று பார்க்க நீச்சல் குளச் சாமான் விற்கும் கடையில் ஒரு சொட்டுப் பாட்டில் கிடைக்கும். தண்ணீர் மஞ்சளானால் இன்னும் இருக்கிறது.

போர் தண்ணீரில் குளோரின் இல்லை என்பதால் அதை நேராகத் திறந்துவிடும் பழக்கம் உண்டு. ஆழத்திலிருந்து வரும் அந்தத் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு, கார்பன் டை ஆக்சைடு அதிகம். சில இடங்களில் இரும்பும் இருக்கும். காற்றுப் பட்டதும் அது துருவாகி மீனின் செவுளில் ஒட்டும். ஓர் இரவு டிரம்மில் காற்றோட்டி, அடியில் படிந்த துருவை விட்டு மேல்தண்ணீரை ஊற்றினால் பிரச்சினை தீர்ந்தது. பிஎச் சோதனையையும் மறுநாள் காலையில்தான் செய்ய வேண்டும். குழாயில் பிடித்த உடனே 7 காட்டும் தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு வெளியேறியபின் 8 காட்டலாம். இன்னொன்று: சாக்கடை இறங்கும் பகுதிகளில் போர் தண்ணீரிலேயே நைட்ரேட் நிறைய இருக்கும். குடிநீருக்கான வரம்பு லிட்டருக்கு 45 மி.கி. உங்கள் போரில் 60 இருந்தால், எத்தனை முறை மாற்றினாலும் குளம் 60-க்குக் கீழே இறங்காது. அந்த வீட்டில் தண்ணீர் மாற்றுவதைவிடச் செடி நடுவதே பலன் தரும். ஆகவே குளத்தைச் சோதிக்கும் முன் குழாயைச் சோதியுங்கள்.

டேங்கர் தண்ணீர் இன்று ஓர் இடத்திலிருந்து வரும், நாளை வேறு இடத்திலிருந்து. ஒவ்வொரு லோடுக்கும் டிடிஎஸ்ஸும் குளோரினும் பார்க்காமல் குளத்தில் விட வேண்டாம்.

மழைத்தண்ணீர் மென்மையானது, அதனாலேயே தனியாகப் போதாது. அதில் கேஎச் கிட்டத்தட்ட இல்லை. பாதி மழை, பாதி போர் என்று கலந்தால் இரண்டின் குறையும் சரியாகும். கோடைக்குப் பின் வரும் முதல் மழை மொட்டை மாடியின் தூசியையும் புறா எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும். அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டும்.

எப்படிச் செய்வது

நேர்ச்சுவர் உள்ள குளத்தில் லிட்டர் கணக்கு வேண்டியதில்லை. 60 செ.மீ. ஆழத்தில் 15 சதவீதம் என்றால் 9 செ.மீ. சுவரில் நிரம்பிய மட்டத்தில் ஒரு கோடு, அதற்கு 9 செ.மீ. கீழே ஒரு கோடு. அவ்வளவுதான்.

முதல் நாள் மாலை 200 லிட்டர் நீல டிரம் இரண்டில் தண்ணீர் பிடித்து, ஏர் ஸ்டோன் போட்டு வைக்கவும். நமக்கு வேண்டியது 270 லிட்டர். காவிரித் தண்ணீர் என்றால் மருந்தும் அப்போதே. மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் வேலையை முடிப்பது நல்லது. ஏப்ரல் மதியம் மாடியிலுள்ள கறுப்பு டேங்கின் தண்ணீர் கை சுடும். குளத்துக்கும் புதுத் தண்ணீருக்கும் 3 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அன்று காலைத் தீனி வேண்டாம்.

தண்ணீரை மேலிருந்து முகந்து கொட்டினால் பாதிப் பலன்தான். கழிவு அடியில் இருக்கிறது. குளம் தரையைவிட உயரமாக இருந்தால் ஓர் அங்குலக் குழாயில் சைஃபன் போட்டு, குழாயின் நுனியை அடித்தரையில் மெதுவாக நகர்த்தி வண்டலோடு இழுக்கலாம். தரைக்குள் இறங்கிய குளமென்றால் சின்ன நீர்மூழ்கி மோட்டார். இரண்டிலும் வாயில் வலை கட்ட வேண்டும், கப்பிக் குஞ்சுகள் போய்விடும். கீழ்க்கோடு வந்ததும் நிறுத்தி, டிரம் தண்ணீரை அரை மணி நேரமாவது எடுத்து மெதுவாக விடவும். ஏர் பம்ப் முழு நேரமும் ஓடட்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. சென்னையில் அதே வெப்பத்தில் தண்ணீர் பிடித்து வைக்கும் ஆக்சிஜனைவிட இங்கே கிட்டத்தட்ட 10 சதவீதம் குறைவாகவே பிடிக்கும்.

குழாயைக் குளத்தில் திறந்துவிட்டு உள்ளே போய்விடுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. ஒரு போன் பேசி முடித்து வருவதற்குள் குளம் வழிந்து, பாதித் தண்ணீர் குளோரினோடு மாறியிருக்கும். டிரம்மில் பிடித்து ஊற்றும் முறையை வலியுறுத்துவதற்கு இதுவே முதல் காரணம். டிரம் காலியானால் தானாக நின்றுவிடும். மிதவை வால்வு போட்டுத் தானாக நிரப்பும் ஏற்பாடும் புதியவர்களுக்கு வேண்டாம். குளம் கசிந்தால்கூட அது தெரியாமல் மறைத்துவிடும்.

தண்ணீர் மாற்றும் நாளில் வடிகட்டியைக் கழுவாதீர்கள். ஒரு வாரம் இடைவெளி விட்டு, குளத்துத் தண்ணீரையே வாளியில் எடுத்து ஸ்பாஞ்சை அதில் பிழிந்தால் போதும். குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் பாக்டீரியாக்கள் செத்துவிடும். குளத்தை முழுவதும் காலி செய்து சுவரைப் பிரஷ்ஷால் தேய்ப்பதும் அதே கதைதான். வழவழப்பாகப் படிந்திருக்கும் அந்தப் பச்சைப் படலம் குளத்தின் சொத்து.

பச்சைத் தண்ணீர் விஷயத்தில் மட்டும் தண்ணீர் மாற்றத்தை நம்ப வேண்டாம். பாசிக்கு வேண்டியது வெயிலும் சத்தும். புதிதாக ஊற்றும் போர் தண்ணீரில் நைட்ரேட் இருந்தால் அதற்கு விருந்து வைத்ததாகத்தான் ஆகும். பரப்பில் பாதிக்கு மேல் அல்லி இலையாலோ ஆகாயத்தாமரையாலோ நிழல் கொடுத்துத் தீனியைக் குறைத்தால் சில வாரங்களில் தெளியும். அதேபோல விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது ஆக்சிஜன் பற்றாக்குறை. முதலில் காற்று, பிறகுதான் தண்ணீர். ஆனால் பிஎச் 8 உள்ள குளத்தில் அம்மோனியா 0.5 மி.கி. காட்டினால் தயங்காமல் 25 சதவீதம் மாற்றி, தீனியை நிறுத்தி, மறுநாளும் 25 சதவீதம் மாற்ற வேண்டும். அங்கே தண்ணீர் மாற்றம்தான் மருந்து.

மழைக்காலத்தில் குளம் தானாகவே கொஞ்சம் மாறிக்கொள்ளும். 50 மி.மீ. மழையில் 3 சதுர மீட்டர் பரப்பில் 150 லிட்டர் விழும், 8 சதவீதம். ஆனால் வழிந்து போவது மேல்மட்டத்தில் நிற்கும் மழைத்தண்ணீரே என்றால் பழைய தண்ணீர் அடியில் அப்படியே இருக்கும். வழிகுழாயாக நிற்கும் செங்குத்துப் பைப்பைச் சுற்றி, அதைவிடப் பெரிய பைப் ஒன்றை அடியில் பல் வெட்டி மாட்டினால் அடித்தண்ணீர் ஏறி வெளியேறும். மொட்டை மாடிக் குழாயை நேராகக் குளத்தில் விடுவது கூடவே கூடாது. 100 சதுர மீட்டர் மாடியிலிருந்து அதே மழையில் 5,000 லிட்டர் வரும், குளத்தைப்போல மூன்று மடங்கு. டிசம்பர், ஜனவரியில் இரவு 15, 16 டிகிரிக்கு இறங்கும்போது மீன் குறைவாகச் சாப்பிடும். தீனியைக் குறைத்தால் மாற்றும் அளவையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளலாம்.

எடுத்த தண்ணீரைச் சாக்கடையில் விடுவது வீண். நைட்ரேட்டும் வண்டலும் செடிக்கு நல்ல உரம். கறிவேப்பிலை, செம்பருத்தி, வாழை, முருங்கை எதற்கும் ஊற்றலாம். தோட்டத்துக்கு எப்படியும் ஊற்றப்போகும் 270 லிட்டர் குளத்தின் வழியாகப் போனால், தண்ணீர் மாற்றத்துக்கென்று தனிச் செலவே இல்லை. ஒரு விதிவிலக்கு: நோய்க்காகக் குளத்தில் உப்புப் போட்டிருந்தால் அந்தத் தண்ணீர் செடிக்கு ஆகாது. லிட்டருக்கு 3 கிராம் உப்பு பெரும்பாலான தோட்டச் செடிகளின் வேரைக் கருக்கிவிடும். மருந்து கலந்த தண்ணீருக்கும் இதே விதி. மழைநீர் வாய்க்காலில் விடும் நிலை வந்தால், ஆகாயத்தாமரைத் துண்டோ மீன்குஞ்சோ கூடவே போகாதபடி வலையில் வடித்து விடுங்கள். அந்த வாய்க்கால்கள் ஏரிகளுக்குத்தான் போகின்றன.